அத்தியாயம் 7: மச்சான் எந்தப் பெட்டி?

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு, தொலைக்காட்சி நிலையத்தின் மூன்றாம் மாடியில் இருந்த ஆய்வுப் பிரிவு அறையில் இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒன்றின் மேல் ‘ஆண்’ என்றும் மற்றதன் மேல் ‘பெண்’ என்றும் எழுதி ஒட்டியிருந்தது.

கொழுந்தன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பாத்ரூம்னு நினைச்சு உள்ள போயிடப் போறேன் அண்ணி.”

ஆபரேட்டர் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். காதில் விழுவதில் பாதிக்குத்தான் பதில் சொல்வார். ஓய்வு பெற்றபின் துப்பறியும் தொழிலுக்கு வந்தார். கணவரின் தம்பி உதவியாளராகச் சேர்ந்துகொண்டான். அவன் அதற்கு முன் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தான். “வர வேண்டிய வண்டி மனசு மாறிவிட்டது” என்று ஒருநாள் ஒலிபெருக்கியில் சொன்னதற்காக அந்த வேலை போயிற்று.

அறைக்குச் சொந்தக்காரர் ஆய்வுப் பிரிவுத் தலைவர். நிலையத்தில் எல்லாரும் அவரைச் ‘சதவீதம்’ என்றே சொன்னார்கள். மதியம் சாப்பிட்டாச்சா என்று கேட்டால் எண்பது பர்சென்ட் என்று பதில் சொல்கிற மனிதர்.

“விஷயம் ரொம்ப சிம்பிள் மேடம்,” என்றார் சதவீதம். “எங்க பாட்டுப் போட்டியில இறுதிச் சுற்றுக்கு ஒரே ஒரு இடம் பாக்கி. மோதறது ரெண்டு பேர். ஒருத்தர் ஸ்கூல் வேன் ஓட்டற டிரைவர். இன்னொரு பையனை எல்லாரும் ரோஜான்னு கூப்பிடுவாங்க, பார்த்தீங்கன்னா ஏன்னு புரியும். டிரைவர் அறுநூறு ஓட்டு அதிகம் வாங்கியிருக்கார். ஆனா அது கள்ள ஓட்டுன்னு ரோஜாவோட தாய்மாமன் புகார் கொடுத்திருக்கார். அவர் சொல்றது சரின்னு என் கணக்கு சொல்லுது.”

“எப்படி?”

“ஓட்டுப் போடறவங்க ஃபோன்ல பாடகரோட நம்பரை அனுப்பி, கூடவே ஏன் பிடிச்சிருக்குன்னு ஒரு வரி எழுதணும். பேரு கிடையாது. அதனால அந்த வரியில இருக்கற வார்த்தையை வெச்சு ஆணா பெண்ணான்னு நான் பிரிச்சேன். ரோஜாவுக்கு எண்பத்திரண்டு பர்சென்ட் பெண்கள். இயற்கை. டிரைவருக்கு எழுபத்தொரு பர்சென்ட் ஆண்கள்.” சதவீதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “முப்பது வயசு, நல்ல உயரம், மீசை. அப்படி ஒருத்தருக்கு ஆம்பளைங்க எதுக்கு மேடம் ஓட்டுப் போடணும்? பொம்பளைங்க ஆம்பளைக்குப் போடுவாங்க, ஆம்பளைங்க பொம்பளைக்குப் போடுவாங்க. டிவின்னா இதுதான்.”

“அப்ப வானிலை அறிக்கைக்கு?” என்றான் கொழுந்தன்.

“அதுக்கு ஓட்டு கிடையாது.”

“மழைக்காவது நிம்மதி.”

ஆபரேட்டர் ‘ஆண்’ பெட்டியைத் திறந்து மேலிருந்த தாள்களை எடுத்தார். “எந்த வார்த்தையை வெச்சு இதெல்லாம் ஆண்னு முடிவு பண்ணீங்க?”

“முக்கியமா ஒரே வார்த்தை. மச்சான்.” சதவீதம் பெருமையோடு சொன்னார். “ஆம்பளைங்கதானே ஒருத்தரை ஒருத்தர் மச்சான்னு கூப்பிட்டுக்கறாங்க? ‘மச்சான் கலக்கிட்ட’, ‘மச்சான் பின்னிட்ட’. டிரைவரோட ஓட்டுல மட்டும் மூவாயிரத்துக்கு மேல மச்சான் இருக்கு.”

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஆபரேட்டர் அவன் காலை மிதித்தார். வாய் மூடிக்கொண்டது.

சாயங்காலம் ஐந்து மணிவரை நிர்வாகம் அவகாசம் கொடுத்திருந்தது. அதற்குள் எதுவும் நிரூபணமாகவில்லையென்றால் ஆறு மணிச் செய்தியில் டிரைவரைப் போட்டியிலிருந்து நீக்கியதாகவும் காரணம் கள்ள ஓட்டு என்றும் அறிவித்துவிடுவார்கள்.

கீழே வரவேற்பறை சோபாவில் டிரைவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஆபரேட்டரை அமர்த்தியது மனைவிதான். பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை செய்கிறவர். சீருடையோடு வந்திருந்தார்.

“போட்டி போனா போகட்டும் மேடம்,” என்றார் டிரைவர். பாடும்போது கூரையை முட்டுகிற குரல் பேசும்போது சட்டைப்பைக்குள் போய்விட்டது. “பதினேழு பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டறேன். திருட்டுத்தனம் பண்ணினவன்னு டிவியில சொன்னா எந்த அம்மா பிள்ளையை என் வண்டியில ஏத்துவாங்க? ஸ்கூல்ல இப்பவே சொல்லிட்டாங்க. நியூஸ்ல பேர் வந்தா திங்கக்கிழமை சாவியைக் கொடுத்துடணுமாம்.”

“யாரையாவது ஓட்டுப் போடச் சொன்னீங்களா?”

“என் மாமியாரைக்கூடக் கேக்கல.”

“கேட்டிருந்தாலும் அம்மா ரோஜாவுக்குத்தான் போட்டிருப்பாங்க,” என்றார் மனைவி. ஆபரேட்டர் கையிலிருந்த ஓட்டுத் தாளை வாங்கி ஒருமுறை படித்தார். முகம் மாறிற்று. “மச்சானா? கல்யாணமாகி ஆறு வருஷத்துல நானே இவரை மச்சான்னு கூப்பிட்டதில்ல. யாரு இவளுங்க?”

கொழுந்தன் ஆபரேட்டரைப் பார்த்தான். ஆபரேட்டர் கொழுந்தனைப் பார்த்தார்.

“இவளுங்கன்னு எப்படிம்மா சொல்றீங்க?”

“பின்ன என்ன? ‘மச்சான் உன் மீசைக்கே பாதி ஓட்டு’ன்னு எந்த ஆம்பளை எழுதுவான்?”

மாடிப்படிக்கட்டில் உட்கார்ந்து ஆபரேட்டர் ‘ஆண்’ பெட்டித் தாள்களில் இருந்த எண்களை அழைக்கத் தொடங்கினார். ஒலிபெருக்கியைப் போட்டுக் கொழுந்தனையும் கேட்கச் சொன்னார்.

முதல் எண். எடுத்தது ஒரு பெண்.

“டிரைவருக்கு ஓட்டுப் போட்டது நீங்களாம்மா? ‘மச்சான் வேனை நிறுத்து, நானும் ஏறிக்கறேன்’ன்னு எழுதினது?”

மறுமுனையில் ஒரு கதவு மூடும் சத்தம். பிறகு குரல் தணிந்தது. “ஏன், எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டாரா?”

“இல்லம்மா.”

“அப்ப நான்தான்.”

இரண்டாவதும் பெண். மூன்றாவது ஓர் ஆண். “நான் பாட்டுக்குப் போட்டேன், என் பொண்டாட்டி மீசைக்குப் போட்டா, ரெண்டும் இந்த ஒரே வீட்டுல இருந்துதான் வந்திருக்கும், பார்த்துக்கோங்க” என்றார். நான்காவது அறுபது வயதைத் தாண்டிய அம்மாள். மச்சான் என்று எழுதியதற்கு அவர் வெட்கப்படவே இல்லை. “என் வயசுல என்ன வேணாலும் எழுதலாம். மாப்பிள்ளைன்னு எழுதினாத்தான் தப்பு.” பத்து எண்ணில் ஆறு பெண்கள், நான்கு ஆண்கள். எல்லாரும் மூச்சு விடுகிற, கோபப்படுகிற, குக்கரை அணைக்க ஓடுகிற மனிதர்கள்.

“சதவீதம் ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்னு நினைச்சிட்டார்,” என்றான் கொழுந்தன். “கூட்டாளியும் மச்சான். கட்டிக்கப் போறவனும் மச்சான். பாதிப் பொம்பளைங்களைத் தூக்கி ஆம்பளைப் பெட்டியில போட்டிருக்கார். கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?”

“முடியல. இதைப் பாரு.”

ஒரே மாதிரி அறுபத்திரண்டு வரிகள். *மச்சான், நீ பாடினா கை தானா நிக்குது.* எழுத்து மாறாமல் அறுபத்திரண்டு முறை. எல்லாம் திங்கட்கிழமை மதியம் மூன்றரைக்கும் மூன்று நாற்பதுக்கும் இடையில் வந்தவை. தாய்மாமனின் புகாரில் இந்தப் பக்கத்தைத்தான் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தது. ஒருவனே அறுபத்திரண்டு சிம் வைத்துக்கொண்டு போட்ட ஓட்டு என்பது அவர் வாதம்.

ஆபரேட்டர் அதில் ஓர் எண்ணை அழைத்தார். ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். ஒரு குரல் ஏதோ சொன்னது. மறுபடி ‘உஸ்ஸ்’. வேலை நேரம், அப்புறம் பேசுங்க என்று வைத்துவிட்டார்கள்.

“நீராவி இஸ்திரிப் பெட்டி. பெரிய லாண்டரி,” என்றார் ஆபரேட்டர்.

கொழுந்தனுக்குப் புல்லரித்தது. “சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சிட்டீங்களா அண்ணி?”

“எடுத்ததும் ‘லாண்டரி, சொல்லுங்க’ன்னாங்களே. நீ கவனிக்கல.”

ஊரில் இருந்த பெரிய லாண்டரிகளை விசாரித்து விலாசம் பிடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. போகிற வழியெல்லாம் கொழுந்தன் அடித்துச் சொன்னான்: அங்கே அறுபத்திரண்டு பெண்கள் இருப்பார்கள், துணி மடித்துக்கொண்டே மீசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்றேகாலுக்கு இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

நீளமான கொட்டகை. மருத்துவமனைகளுக்கும் ஓட்டல்களுக்கும் போகிற வெள்ளை விரிப்புகள் மலை மலையாய்க் குவிந்திருந்தன. இருபது நீராவி அழுத்திகள் மூடித் திறந்தன. அவற்றின் முன்னால் வியர்வை வழிய பனியனோடு நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். பாதிப் பேருக்குத் தொப்பை. நாலு பேருக்கு டிரைவரைவிடப் பெரிய மீசை.

“உன் அறுபத்திரண்டு பெண்கள் எங்க தம்பி?” என்றார் ஆபரேட்டர்.

“துவைச்சதுல சாயம் போயிடுச்சு போல.”

மேற்பார்வையாளர் வந்தார். ஐம்பதை நெருங்கிய ஒல்லியான மனிதர். அந்த வெக்கையிலும் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. அங்கே அவருக்கு இஸ்திரி மாஸ்டர் என்று பேர். விஷயத்தைக் கேட்டதும் கொஞ்சமும் தயங்காமல் ஆட்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“டிரைவருக்கு ஓட்டுப் போட்டவன்லாம் கையைத் தூக்கு!”

கொட்டகை முழுக்கக் கை எழுந்தது.

“மூன்றரைக்கு எங்களுக்கு டீ. பத்து நிமிஷம். அப்பத்தான் இவங்க லாக்கர்ல இருந்து ஃபோனை எடுக்க முடியும், வேலை நேரத்துல என் ஃபோன் மட்டும்தான் வெளிய இருக்கும்,” என்றார் மாஸ்டர். “திங்கக்கிழமை டீ நேரத்துல மறு ஒளிபரப்பு ஓடிச்சு. இவங்க யாருக்கும் எழுத வணங்காது. ஒரு வரி இருந்தது. அதையே அப்படியே எல்லாரும் அனுப்பிட்டாங்க.”

“கை நிக்குதுன்னா?”

“நிஜமாவே நின்னுடுச்சும்மா,” என்றான் தொப்பைக்காரர்களில் ஒருவன். “போன வாரம் அவர் பாட்டைக் கேட்டுக்கிட்டே ஒரு பெட்ஷீட்டைக் கருக்கிட்டேன்.”

“யாரு எழுதின வரி அது?” என்று கேட்டான் கொழுந்தன். பதிலுக்குக் காத்திராமல் கண்ணடித்தான். “சரி மாஸ்டர், இது எந்த மச்சான்? தோள்ல கை போடற மச்சானா, தாலி கட்டற மச்சானா?”

ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். ஆனால் ஒரு வினாடி தாமதமாகச் சிரித்தார்.

அந்த ஒரு வினாடியை ஆபரேட்டர் கேட்டுவிட்டார் என்பது கொழுந்தனுக்குத் தெரிந்தது. அவனும் இத்தனை வருடம் அவரோடு சுற்றியவன். பேச்சைவிடப் பேச்சுக்கு முன்னால் வருகிற இடைவெளிக்குத்தான் அண்ணி காது கொடுப்பார். ஆபரேட்டர் பேச்சை மாற்றினார். லாக்கர் சுவரில் ஒட்டியிருந்த வருகைப் பட்டியலில் ஆட்களின் ஃபோன் எண்கள் இருந்தன. அதையும் ஓட்டுத் தாளையும் வைத்து ஒத்துப் பார்த்தார். அறுபத்திரண்டும் சரி. ஒரு வெள்ளைத்தாளில் ‘என் ஃபோனில் இருந்து என் ஓட்டை நானே போட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்.

எல்லாரும் போட்டு முடித்தபின் மாஸ்டர் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடவில்லை.

“அம்மா, இந்தப் பேப்பர்ல அந்த வரியை மொதல்ல எழுதினது யாருன்னு போடணுமா?”

“ஏன் கேக்கறீங்க?”

மாஸ்டர் பின்னால் திரும்பிப் பார்த்தார். டீ வந்துவிட்டது, ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். “காப்பியடிச்சவங்களுக்கெல்லாம் அது கூட்டாளி மச்சான். எழுதினவனுக்கு...” அருகிலிருந்த அழுத்தியின் மூடியை இழுத்து மூடினார். உஸ்ஸ் என்றது. “எழுதினவனுக்கு இன்னொரு மச்சான்.”

கொழுந்தனுக்குக் காது மடல் சூடாயிற்று. கொஞ்ச நேரம் முன்னால் தான் அடித்த ஜோக்கைத் திரும்பப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது.

“மாஸ்டர்,” என்றான் கடைசியில், மெல்ல. “அவருக்குக் கல்யாணமாயிடுச்சு.”

“தெரியும் சார். கல்யாணமான நடிகனுக்குப் பொண்ணுங்க கைதட்டறதில்லையா? நானும் அவ்வளவுதான். வேற எதுவும் கேக்கல.”

“இவ்வளவு பேர் நடுவுல தைரியமா எழுதியிருக்கீங்களே?”

“தைரியமா? ஒளிஞ்சுக்கத்தான் சார் அப்படி எழுதினேன்.” மாஸ்டருக்கு இப்போது நிஜமாகவே சிரிப்பு வந்தது. “எல்லாரும் சொல்ற வார்த்தைக்குள்ள போய் உக்காந்துக்கிட்டா யாரும் எழுப்ப மாட்டாங்க. சந்தேகப்படறவன் எப்பவும் வித்தியாசமா இருக்கறதைத்தான் பார்ப்பான். எதிர்பார்த்த மாதிரி இருந்தா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.”

ஆபரேட்டர் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். “போட்டி விதியில ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுன்னுதான் இருக்கு. எதுக்குப் போட்டான்னு கேக்கற விதி இல்ல. எந்த மச்சானா இருந்தாலும் ஒரே ஓட்டுதான். போடுங்க.”

மாஸ்டர் போட்டார்.

டாக்ஸியில் ஏறியதும் ஆபரேட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த உட்காருகை கொழுந்தனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு யாருக்காவது தூக்கம் கெடும்.

“மாஸ்டர் சொன்னது காதுல விழுந்துச்சா?”

“விழுந்து, எழுந்து, உள்ள போயிடுச்சு அண்ணி. இனிமே அந்த ஜோக்கை அடிக்க மாட்டேன்.”

“அது நல்லது. நான் கேட்டது வேற. எதிர்பார்த்த மாதிரி இருந்தா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்கன்னாரே. நாம காலையில இருந்து எந்தப் பெட்டியைப் பார்த்தோம்?”

“ஆண் பெட்டி.”

“பெண் பெட்டியை யாராவது தொட்டோமா?”

கொழுந்தன் டாக்ஸிக்காரரிடம் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னான்.

நாலு இருபதுக்கு மூன்றாம் மாடி. சதவீதத்துக்கு எதிர் நாற்காலியில் ரோஜாவின் தாய்மாமன் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்திரண்டு கையெழுத்தையும் பார்த்தபின் கால் நின்றது. “லாண்டரிக்காரங்களைப் பிடிச்சு யார் வேணா கையெழுத்து வாங்கலாம்” என்றார்.

“வாங்கலாம்,” என்று ஒப்புக்கொண்டார் ஆபரேட்டர். ‘பெண்’ பெட்டியைத் திறந்தார். ரோஜாவுக்கு விழுந்த ஓட்டுகள். ஒரு கை அள்ளிக் கொழுந்தனிடம் கொடுத்தார். “சத்தமாப் படி.”

ரயில் நிலையக் குரலில் அவன் ஆரம்பித்தான். “‘நான் உங்கள் பாட்டைக் கேட்டு அழுதாள்.’”

“யாரு அழுதா?”

“நான்.”

“நீ எதுக்கு அழற?”

“நான் இல்ல அண்ணி. இதை எழுதினவ. ஆனா அவ ‘நான்’னுதான் போட்டிருக்கா. நான்... அழுதாள்.” நிறுத்தினான். அடுத்த தாள். “‘நான் உங்கள் சிரிப்பில் மயங்கினாள்.’ அடுத்தது, ‘நான் இரவு முழுக்க உங்களை நினைத்தாள்.’ அண்ணி, இதுல ஒருத்திக்குக்கூடத் தான் யாருன்னே தெரியல!”

ஆபரேட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் அழுதேன். ஆம்பளை சொன்னாலும் அழுதேன், பொம்பளை சொன்னாலும் அழுதேன். ‘நான்’னு சொன்ன பிறகு நம்ம பேச்சுல ஆண் பெண் கிடையாது. பேசத் தெரிஞ்ச ரெண்டு வயசுக் குழந்தை செய்யாத தப்பு இது. யாரோ எங்கயோ ஓட்டு விக்கற கடையில, பொண்ணுங்க எழுதற மாதிரி எழுதணும்னு ஆர்டர் கொடுத்திருக்காங்க. நம்ம மொழி தெரியாத ஆளுங்க, மெஷினை வெச்சு எழுதியிருக்காங்க. பெண்ணாத் தெரியணும்னு ரொம்பக் கஷ்டப்பட்டு, பெண்ணே இல்லாத இடத்துல பெண்ணைக் கொண்டுபோய் ஒட்டிட்டாங்க.”

“ஆனா மேடம்,” சதவீதத்தின் குரல் பரிதாபமாக இருந்தது, “‘ஆள்’னு முடிஞ்சா பெண்ணுன்னு நானே விதி எழுதி வெச்சிருந்தேன். எல்லாம் அவ்வளவு கச்சிதமா விழுந்துச்சு!”

“கச்சிதமா விழத்தான் அனுப்பினாங்க.”

ஆபரேட்டர் அந்த எண்களில் ஒன்றை அழைத்தார். மணி அடிக்கவில்லை. இரண்டாவது. மூன்றாவது. பத்து எண்ணிலும் ஒரே வெறும் மௌனம். “இருபத்தாறு வருஷம் லைன்ல உக்காந்திருக்கேன். இதுக்குப் பின்னால ஆள் இல்ல.”

சதவீதம் கணினியில் தேடினார். அப்படி முடிகிற வரிகள் நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு.

கொழுந்தன் மனக்கணக்குப் போட்டுவிட்டுத் தாய்மாமன் பக்கம் திரும்பினான். “நாலாயிரம் பொண்ணுங்களைக் காசு கொடுத்து வாங்கியும் அறுநூறு ஓட்டுல தோத்திருக்கீங்களே சார். மருமகன் கொஞ்சம் பாடவும் கத்துக்கிட்டிருக்கலாம்.”

தாய்மாமன் எழுந்தார். தன் வழக்கறிஞரிடம் பேசிவிட்டு வருவதாகச் சொன்னார். அதன்பின் வரவில்லை.

ஆபரேட்டர் நிர்வாகத்துக்குக் கொடுத்த அறிக்கை ஒன்றரைப் பக்கம். லாண்டரி ஓட்டுகளைப் பற்றி அதில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: ‘அறுபத்திரண்டு பேர், அறுபத்திரண்டு ஃபோன்கள், அறுபத்திரண்டு ஓட்டுகள்.’ வரியை எழுதியவர் யார் என்ற கேள்வியைச் சதவீதம் கேட்டார். ஆபரேட்டருக்கு அது காதில் விழவில்லை.

ஆறு மணிச் செய்தியில் ரோஜாவின் பெயர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. டிரைவர்மீது எந்தத் தவறும் இல்லை என்று நிலையம் இரண்டு முறை அறிவித்தது. மறுநாள் சனிக்கிழமை நடந்த இறுதிச் சுற்றில் அவர் மூன்றாவதாக வந்தார். அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு வேனை எடுத்தார். பதினேழு பிள்ளைகளும் ஏறினார்கள்.